ஒரு பென்னிக்கு நாள் முழுக்க

அண்ணன் மகன் நாட்டிங்ஹாமில் வேலை பார்க்கிறான். ஆபீசுக்கு டிராமில் போகிறான், டிராமில் வருகிறான். போன கோடையில் அவன் வீட்டில் ஒரு வாரம் இருந்தேன். 'ஞாயித்துக்கிழமை எங்கே போகலாம் சித்தப்பா?' என்று கேட்டான். 'பக்கத்துல ஒரு டிராம் மியூசியம் இருக்காமே' என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். 'தெருமுனையில நிக்குது, போய்ப் பார்த்துக்குங்க. அதுக்கு முக்கால் மணி நேரம் கார் ஓட்டணுமா?'

நியாயமான கேள்வி. போய்விட்டு வந்த பிறகும் அது என்னை விடவில்லை. அதனால் இந்த வாரம் ஒரு விமர்சனம். சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாடகத்துக்கு எழுதுகிறோம், ஓட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். ஒரு மியூசியத்துக்கு மட்டும் 'காணத் தவறாதீர்கள்' என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதுவும் யாரோ யோசித்து, எதைக் காட்டலாம் எதை விடலாம் என்று முடிவுசெய்து நடத்தும் காட்சிதானே?

இடம்: டார்பிஷயரில் ஒரு குன்றின் மேலுள்ள கிராமம். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து 'கிரிச்' என்று சொல்லி முதல் ஐந்து நிமிடத்திலேயே மாட்டிக்கொண்டேன். 'கிரைச்' என்று சொல்லவேண்டும். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் குவாரி. ரயிலுக்குப் பெயர் போன ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1840-களில் இங்கேயிருந்து கல்லைக் கீழே சூளைக்குக் கொண்டுபோக ஒரு குட்டி ரயில்பாதை போட்டார். கல் ஓடிய இடத்தில் இப்போது டிராம் ஓடுகிறது. 'ஓடுகிறது' என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்த மியூசியத்தின் பெருமையும், அதன் மேல் எனக்கிருக்கும் புகாரும் இரண்டுமே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

நுழைவுக் கட்டணத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். வெளிநாட்டில் மனநிம்மதிக்கு அதுதான் முதல் விதி. பணத்தைக் கட்டினால் டிக்கெட்டோடு ஒரு பழைய பென்னி நாணயத்தையும் கையில் கொடுக்கிறார்கள். 1971-ல் இங்கிலாந்து தசம நாணயத்துக்கு மாறுவதற்கு முன்னால் புழங்கியது. 240 சேர்ந்தால் ஒரு பவுண்டு. பெரிசாக, கனமாக, செம்பு நிறத்தில். எனக்கு எங்கள் பாட்டி சுருக்குப்பையில் வைத்திருந்த ஓட்டைக் காலணா ஞாபகம் வந்தது. இதில் ஓட்டை இல்லை, அவ்வளவுதான். டிராமில் ஏறியதும் கண்டக்டரிடம் அந்தப் பென்னியைக் கொடுக்கவேண்டும். அவர் ஒரு டிக்கெட் கொடுப்பார். அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம்.

சின்ன விஷயம் மாதிரி தெரிகிறது. ஆனால் இதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு ஷொட்டு வைக்கவேண்டும். வாசலில் நாம் பார்வையாளர். பென்னியைக் கொடுத்த கணத்தில் பயணி. நம்மையறியாமல் 'எங்க உட்காரலாம், மேல இடம் இருக்கா?' என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வைத்து, 'தொடாதே' என்று போர்டு மாட்டி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு காவலாளியைத் தூங்கவைக்கும் மியூசியங்களையே பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிய விஷயம்.

கண்டக்டருக்கு வெள்ளை மீசை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். டிரைவர் ஒரு இன்ஜினியர், இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. இரண்டு பேருக்கும் சம்பளம் கிடையாது. சொந்த பெட்ரோலில் வந்து, பயிற்சி எடுத்து, பரீட்சை பாஸ் பண்ணி, தொப்பியும் யூனிபார்மும் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். சம்பளத்துக்கு இருப்பவர்களும் சிலர் உண்டு. ஆனால் மியூசியத்தை உண்டாக்கியதும் இன்றுவரை ஓட்டுவதும் தொண்டர்கள். (தமிழில் 'தொண்டர்' என்றால் உடனே கரைவேட்டி ஞாபகம் வருகிறது. என்ன செய்வது, வேறு சொல் இல்லை.)

ஆரம்பித்த கதை சுவாரசியமானது. 1948 ஆகஸ்டில் டிராம் பிரியர்கள் கொஞ்சம் பேர் சவுத்தாம்ப்டன் நகரத்துக்கு ஒரு வழியனுப்புச் சவாரி போனார்கள். அங்கே மேல்கூரை இல்லாத பழைய டிராம்களை உடைத்துக் காயலாங்கடைக்குப் போடப் போகிறார்கள். 'ஒண்ணு வேணும்னா என்ன விலை?' என்று ஒருவர் கேட்க, 'பத்து பவுண்டு' என்று பதில் வந்திருக்கிறது. வாங்கிவிட்டார்கள். அன்றைய கணக்கில் சுமார் 133 ரூபாய். 1903-ல் செய்த 45-ம் நம்பர் வண்டி. வாங்கிய பிறகுதான் எங்கே நிறுத்துவது என்ற யோசனை வந்திருக்கிறது! கோவிலில் ஏலத்தில் யானையை எடுத்த கதை. வண்டி இடம் இடமாக அலைந்தது. 1955-ல் முறையாகச் சங்கம் அமைத்தார்கள். 1959-ல் இந்தக் கைவிடப்பட்ட குவாரி கிடைத்தது. அதுவும் எப்படி? வேல்ஸில் டாலிலின் என்று ஒரு குட்டி ரயிலை 1951-லிருந்து தொண்டர்களே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், உலகத்திலேயே அந்த வகையில் அதுதான் முதல். அவர்கள் கிரைச்சில் ஸ்டீபன்சன் பாதையின் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்தபோது டிராம்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பைத்தியம் காலி செய்த இடத்துக்கு இன்னொரு பைத்தியம் குடிவந்தது. 1963-ல் குதிரை டிராம் விட்டார்கள், 1964-ல் மின்சார டிராம். பல ஊர்த் தெருக்களில் பிடுங்கிப் போட்ட தண்டவாளத்தையும் கருங்கல் சதுரங்களையும் லாரியில் ஏற்றிவந்து, சனி ஞாயிறுகளில் தாங்களே குனிந்து நிமிர்ந்து பதித்த ஒரு மைல் பாதை.

அந்தக் காலகட்டத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் போட்டி போட்டுக்கொண்டு டிராமை ஒழித்த வருஷங்கள் அவை. மான்செஸ்டர் 1949, லண்டன் 1952, பர்மிங்ஹாம் 1953, லிவர்பூல் 1957, லீட்ஸ் 1959, ஷெஃபீல்ட் 1960, கிளாஸ்கோ 1962. கடைசி நாள் அன்று லண்டனில் ஜனங்கள் தண்டவாளத்தில் பென்னியை வைத்து, டிராம் ஏறி நசுங்கியதை ஞாபகார்த்தமாக எடுத்துப் போனார்கள். கிளாஸ்கோவில் கடைசி ஊர்வலத்தைப் பார்க்க இரண்டரை லட்சம் பேர் கூடியதாகச் சொல்கிறார்கள். சாவுக்கு வருகிற கூட்டம் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை.

ஏன் ஒழித்தார்கள்? கார் வந்தது, பஸ் வந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த பதில். தெரியாத பதில் ஒன்று 1870-ம் வருஷத்து டிராம் சட்டத்தில் இருக்கிறது. டிராம் நடத்துகிறவன் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவிலும், வெளியே இரு பக்கம் பதினெட்டு அங்குலமும் ரோட்டைத் தன் செலவில் பராமரிக்கவேண்டும். குதிரை டிராம் காலத்தில் நியாயம்தான், குதிரையின் குளம்பு ரோட்டைக் கெடுக்கும். மின்சாரம் வந்து குதிரை போன பிறகும் சட்டம் போகவில்லை. பிறகு பஸ் வந்தது. டிராம்காரன் செலவழித்துச் செப்பனிட்ட ரோட்டில் பஸ்காரன் சொகுசாக ஓட்டினான். பிறகு 'பாருங்கள், டிராமுக்கு எவ்வளவு செலவு' என்று கணக்குக் காட்டினார்கள். நாட்டிங்ஹாமே 1936-ல் டிராமை மூடியதுதான். 2004-ல் கோடி கோடியாகக் கொட்டித் திரும்பக் கொண்டுவந்தது. அண்ணன் மகனுக்கு இதைச் சொன்னேன். 'அப்ப நடுவுல அறுபத்தெட்டு வருஷம் என்ன பண்ணாங்க?' என்றான். டிராஃபிக்கில் நின்றார்கள், வேறென்ன?

சரி, உள்ளே போவோம்.

உள்ளே ஒரு தெரு. கருங்கல் பாவிய சாலை, கேஸ் விளக்குக் கம்பங்கள், மிட்டாய்க்கடை, டீக்கடை, ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஊரிலிருந்து செங்கல் செங்கலாகப் பிரித்து எடுத்துவந்து கட்டிய 'ரெட் லயன்' மதுக்கடை. டார்பி நகரத்தில் 18-ம் நூற்றாண்டு மண்டபம் ஒன்று 1963-ல் தீப்பிடித்து எரிந்தது. மிஞ்சிய முகப்பை இங்கே கொண்டுவந்து நிறுத்தி, அதற்குப் பின்னால் நூலகம் வைத்திருக்கிறார்கள். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரிலிருந்து ஒரு இரும்புப் பாலம். எல்லாம் நிஜம், எல்லாம் அசல். ஆனால் மொத்தத்தில் இப்படி ஒரு தெரு எந்த ஊரிலும் இருந்ததில்லை. நாலு கல்யாணத்து பட்சணத்தை ஒரே இலையில் பரிமாறின மாதிரி. தனித்தனியாக ருசி பார்த்தால் குறை சொல்ல முடியாது. சேர்த்துப் பார்க்கும்போது, 'அந்தக் காலத்து இங்கிலாந்து இப்படித்தான் இருந்தது' என்று ஒரு பொய்யான திருப்தி வந்துவிடுகிறது. சுத்தமாக, அமைதியாக, பூந்தொட்டியோடு. கரிப்புகை இல்லை, குதிரைச் சாணி இல்லை, காலை ஐந்து மணி ஷிஃப்ட்டுக்கு ஓடுகிற ஆள் இல்லை.

இதுதான் என் முதல் புகார். டிராம் என்பது ஏழைகளின் வண்டி. சொந்தக் குதிரை வண்டி வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்காக வந்தது. விடிகாலையில் போகும் தொழிலாளர்களுக்கு மலிவு டிக்கெட் கொடுத்தார்கள். அதனால்தான் ஒரு கூலிக்காரன் பாக்டரி வாசலிலேயே ஒண்டிக் குடித்தனம் பண்ணாமல் இரண்டு மைல் தள்ளிக் குடியிருக்க முடிந்தது. டிராம் இல்லாமல் அந்த ஊர்கள் அப்படி விரிந்திருக்காது. அப்படிப்பட்ட வண்டியில் நாங்கள் பன்னிரண்டு பேர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு போகிறோம். எல்லோரும் லீவில் இருக்கிறோம். ஒருவருக்கும் எங்கேயும் போகவேண்டியதில்லை. பாதையும் ஒரு மைல் போய், பழைய ஈயச் சுரங்கம் இருந்த இடத்தில் குன்றின் ஓரமாக நின்றுவிடுகிறது. திரும்பி வரவேண்டியதுதான். கூட்டம் இல்லாத டிராமும், போகவேண்டிய இடம் இல்லாத டிராமும் டிராமா என்று கேட்டால், என்னால் உடனே ஆமாம் சொல்ல முடியவில்லை.

அதே சமயம், அந்த முனையில் நடந்த ஒரு காரியத்துக்காக நான் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். டிராமுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. திருப்பவேண்டியது வண்டியை அல்ல, மற்றதையெல்லாம். கண்டக்டர் வாத்தியார் கீழே இறங்கி, மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த நீண்ட கழியை இழுத்து, அரைவட்டம் சுற்றி நடந்து மறுபக்கம் கொண்டுபோய் கம்பியில் பொருத்தினார். கழி நுனியில் சின்னச் சக்கரம். அதைக் கம்பியில் சரியாக உட்காரவைப்பது ஊசியில் நூல் கோப்பது மாதிரி. மூன்றாவது முயற்சியில் உட்கார்ந்தது, ஒரு நீலப் பொறி பறந்தது. டிரைவர் தன் பித்தளைக் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறு முனைக்கு நடந்தார். நாங்கள் பயணிகள் ஸீட்டின் சாய்மானத்தைத் தள்ளித் திருப்பினோம், டொப் டொப் என்று வரிசையாக. பின்பக்கம் முன்பக்கமாகிவிட்டது. இதைப் பத்துப் பக்கம் படித்தாலும் புரியாது. ஒரு தடவை ஸீட்டைத் திருப்பினால் போதும்.

ஓட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஸ்டியரிங் கிடையாது. இடது கையில் மின்சாரம், வலது கையில் பிரேக். முதலில் இரண்டு மோட்டாரும் சீரியலில், மெல்ல நகரும். வேகம் எடுத்ததும் பாரலல். ப்ளஸ் டூவில் மனப்பாடம் பண்ணிவிட்டு மறந்த பாடம் காலடியில் முனகிக்கொண்டு ஓடியது. மழையில் தண்டவாளம் வழுக்கினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவ ஒரு பெட்டி இருக்கிறது. கண்டக்டர் மணியை ஒரு தடவை அடித்தால் நிறுத்து, இரண்டு தடவை அடித்தால் போகலாம். நம் ஊர் விசில் ஞாபகம் வருகிறதா?

இந்த மியூசியத்தின் மிக நேர்மையான இடம் எது என்றால், பளபளக்கும் டிராம்கள் நிற்கும் கண்காட்சிக் கூடத்தைச் சொல்லமாட்டேன். ஒர்க் ஷாப்பைச் சொல்வேன். மேலே ஒரு காலரி கட்டி, பழுதுபார்க்கும் இடத்தை எட்டிப் பார்க்க விட்டிருக்கிறார்கள். நான் போனபோது ஒரு டிராமின் எலும்புக்கூடு நின்றது. மரச்சட்டம் மட்டும். பழைய மரம் கறுப்பு, புது மரம் வெளுப்பு. எவ்வளவு பழசு, எவ்வளவு புதுசு என்று யார் வேண்டுமானாலும் எண்ணலாம். வர்ணம் பூசினால் தெரியாது. ஒழிக்கப்பட்ட காலத்தில் டிராமின் உடம்பைச் சல்லிசாக விற்றார்கள். வாங்கினவர்கள் தோட்டத்தில் போட்டுக் குடிசையாகவும் கோழிக்கூண்டாகவும் வைத்துக்கொண்டார்கள். இங்கே இருக்கும் செஸ்டர்ஃபீல்ட் 7-ம் நம்பர் பல வருஷம் வீடாக இருந்தது. லெஸ்டர் 76 கிரிக்கெட் மைதானத்தில் பெவிலியனாக இருந்தது. அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, கீழ்ப்பாகத்தை வேறெங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்து, வருஷக்கணக்கில் வேலை பார்த்து ஓடவிட்டிருக்கிறார்கள். லண்டன் 106-ம் நம்பருக்குப் பன்னிரண்டு வருஷத்துக்குக் குறையாமல் உழைப்பு ஆகியிருக்கிறது.

'பாதிக்கு மேல் புதுசு என்றால் அது எப்படி 1903-ம் வருஷத்து டிராம் ஆகும்?' என்று சிலர் கேட்பார்கள். கோவில் தேரைக் கேளுங்கள். சக்கரம் மாற்றியாகிவிட்டது, அச்சு மாற்றியாகிவிட்டது, பொம்மைகளைப் புதுசாகச் செதுக்கியாகிவிட்டது. இருந்தாலும் ஊர் அதே தேர் என்றுதான் வடம் பிடிக்கிறது. எனக்கு அந்த வாதம் போதும். வர்ணம் பூசுவதற்கு முன்னால் காட்டிவிட்டார்கள், அதற்கு மேல் என்ன நேர்மை வேண்டும்?

இரண்டாவது புகார் கொஞ்சம் கனமானது.

இங்கே பிரிட்டிஷ் டிராம் மட்டும் இல்லை. 1968-ல், சோவியத் டாங்குகள் பிராக் நகரத்துக்குள் புகுந்த அதே வருஷம் அங்கிருந்து வந்த ஒரு டிராம் இருக்கிறது. நியூயார்க்கில் ஓடி, யுத்தத்துக்குப் பிறகு மார்ஷல் உதவித் திட்டத்தில் வியன்னாவுக்குப் போய், அங்கேயும் ஓடிமுடித்து இங்கே வந்து சேர்ந்த 674-ம் நம்பர் இருக்கிறது. மூன்று நாட்டுக் குடியுரிமை. பெர்லின் டிராம் ஒன்றைச் சக்கர நாற்காலிக்காரர்கள் ஏறும்படி மாற்றி ஓட்டுகிறார்கள், பாராட்டவேண்டிய காரியம். இவற்றோடு ஜோகன்னஸ்பர்க் 60-ம் நம்பர். 1905-ல் இங்கிலாந்தில் செய்து தென் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. அழகான இரட்டை மாடி.

ஜோகன்னஸ்பர்க்கில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது 1906 தொடக்கத்தில். அதே வருஷம் அதே ஊரில் காந்தி வக்கீலாக இருந்தார். வெள்ளைக்காரர்கள் ஏறும் டிராமில் இந்தியர்கள் ஏறப் போனார்கள், கண்டக்டர் ஏற்ற மறுத்தார், வழக்கு கோர்ட்டுக்குப் போனது. காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் அந்தச் செய்திகள் வந்தன. அந்தப் பத்திரிகை ஆரம்பத்தில் தமிழிலும் வந்துகொண்டிருந்தது, ஏனென்றால் அங்கே படிக்கத் தமிழர்கள் இருந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை அந்த ஊரில்தான் 1898-ல் பிறந்தார். டிராம் வந்தபோது அவருக்கு எட்டு வயது. எட்டு வயதுப் பெண் குழந்தை புது டிராமைப் பார்த்தால் என்ன செய்யும்? ஏறணும் என்று அடம் பிடிக்கும். அப்பா அம்மா என்ன சொல்லிச் சமாதானம் செய்திருப்பார்கள் என்று அந்த 60-ம் நம்பருக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பதினாறு வயதில், 1914-ல், சத்தியாகிரகத்தில் சிறை போய் ஜுரத்தோடு திரும்பிவந்து இறந்துபோன பெண் அவர்.

இதை அந்த வண்டி சொல்லாது. பித்தளை சொல்லாது, தேக்குப் பலகை சொல்லாது. ஓடுகிற பொருளின் ஆபத்து இது. நின்றுகொண்டிருக்கும் பொருளைப் பார்த்தால் 'இது என்ன, யாருடையது?' என்று கேள்வி வரும். ஓடும் பொருளைப் பார்த்தால் 'ஏறலாமா?' என்றுதான் தோன்றும். ஏறி உட்கார்ந்து காற்று முகத்தில் அடித்ததும், யாரை ஏற்றவில்லை என்ற கேள்வி இறங்கிப் போய்விடுகிறது. நான் பென்னியை நீட்டினேன், வெள்ளை மீசை 'தேங்க் யூ சார்' என்று டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். 1906-ல் எனக்கு ஜோகன்னஸ்பர்க்கில் அது கிடைத்திருக்காது. எந்திரத்தை இவ்வளவு நுணுக்கமாக மீட்டெடுக்கத் தெரிந்தவர்கள், அந்த எந்திரத்தின் படிக்கட்டில் நடந்ததையும் அதே உரத்த குரலில் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். ஒரு மணி அடித்து நிறுத்திச் சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வாத்தியாரிடம் இதைச் சொன்னேனா? சொன்னேன். கவனமாகக் கேட்டார். 'எனக்குத் தெரியாது' என்று ஒப்புக்கொண்டார். வள்ளியம்மை பெயரை எழுத்துக்கூட்டி எழுதிவாங்கிக்கொண்டார். வாத்தியார் இல்லையா!

அப்புறம் எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் என்றதும் கண் விரிந்தது. 'நீங்க எங்களுக்கெல்லாம் சீனியராச்சே' என்கிற மாதிரி ஏதோ சொன்னார். உண்மைதான். மதராஸில் மின்சார டிராம் 1895 மே மாதம் ஓடியது, இந்தியாவில் முதலாவது. லண்டனில் மின்சார டிராம் முறையாக ஓட ஆரம்பித்ததே 1901-ல்தான். அதுவும் நம்முடையதற்கு முதலில் மேலே கம்பியே கிடையாது. தரைக்கடியில் ஒரு பள்ளத்தில் மின்கடத்தி ஓடும், வண்டியிலிருந்து ஒரு கை கீழே நீண்டு அதைத் தொடும். பிற்பாடுதான் கம்பிக்கு மாறினார்கள். நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டுபோய் பிளாக்பூல் 4-ம் நம்பர் முன்னால் நிறுத்தினார். 1885-ல் அதே தரையடி முறையில் ஓடிய வண்டி. (பிளாக்பூல் மட்டும்தான் அந்த நாட்டில் டிராமை ஒரு நாளும் முழுசாக விட்டுவிடாத ஊர்.) சின்ன வண்டி. நம் மதராஸ் டிராமுக்குப் பத்து வருஷம் மூத்த, ஒரே குடும்பத்து அண்ணா. டார்பிஷயர் குன்றின் மேல் போய் நான் என் ஊரை முதல் தடவையாகத் தொட்டுப் பார்த்தேன்.

மதராஸ் டிராம் 1953 ஏப்ரல் 12-ம் தேதியோடு நின்றது. கம்பெனி நொடித்துவிட்டது. நம் ஊரில் 'ஒண்ணு வேணும்னா என்ன விலை?' என்று கேட்க யாரும் கிளம்பவில்லை. கேட்காததற்குக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சுதந்திரம் வந்து ஆறு வருஷம், ரேஷன் அரிசிக்கு நின்றவன் டிராமை வாங்கி எங்கே வைப்பான்? ஆனால் இன்று அந்தச் சாக்கு செல்லாது. கல்கத்தாவில் 1873-ல் குதிரையோடு ஆரம்பித்து, 1902-ல் மின்சாரத்துக்கு மாறி, நூற்றைம்பது வருஷம் தாண்டிய டிராமை, எஸ்பிளனேடு–மைதானம் என்ற ஒரு துண்டு நீங்கலாக நிறுத்திவிடப் போவதாக 2024 செப்டம்பரில் அரசு அறிவித்தது. அங்கே சில சாதாரண ஜனங்கள் சங்கம் வைத்துப் போராடுகிறார்கள். அவர்களை 'பழசைப் பிடித்துத் தொங்குகிறவர்கள்' என்று கேலி செய்வதற்கு முன்னால் நாட்டிங்ஹாமின் அறுபத்தெட்டு வருஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிரைச்சிலும் கவலை உண்டு. தெருவில் ஓடிய டிராமில் தினமும் ஏறி இறங்கியவர்களுக்கு இன்று எழுபது, எண்பது. வாத்தியாரே, 'நான் நிஜமா ஓடின டிராம்ல போனதில்ல, எங்க அப்பா சொல்லிக் கேட்டதுதான்' என்றார். ஞாபகத்தால் ஆரம்பித்த மியூசியம் இப்போது ஞாபகம் இல்லாதவர்கள் கையில் இருக்கிறது. அன்றைக்கு டெப்போவில் ஒரு பதினெட்டு வயதுப் பையன் அச்சாணிக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இது ஏக்கம் இல்லை, தொழில். அவனை நம்பித்தான் எல்லாம்.

போகிறவர்களுக்கு: டார்பியிலிருந்து ரயிலில் வாட்ஸ்டான்ட்வெல் ஸ்டேஷனில் இறங்கலாம், ஆனால் அங்கிருந்து ஒரு மைல் செங்குத்தாக ஏறவேண்டும். முட்டிவலிக்காரர்கள் கார் வைத்திருக்கும் உறவினரைப் பிடியுங்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். மேல்மாடியில் உட்காருவதானால் கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

கிளம்பும்போது வாத்தியார் ஒரு கேள்வி கேட்டார். 'உங்க மெட்ராஸ் டிராம் நாலு சக்கரமா, எட்டு சக்கரமா?' எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மயிலாப்பூரில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். தொண்ணூறை நெருங்குகிறார். சின்ன வயதில் தினமும் டிராமில் பள்ளிக்கூடம் போனவர். இந்தியாவில் அப்போது ராத்திரி பத்தரை, தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். கேள்வியை இரண்டு தடவை உரக்கச் சொன்னேன்.

'சக்கரத்தை யாருடா பார்த்தா?' என்றார். 'தொங்கறதுக்குக் கம்பி கிடைக்குதான்னு பார்ப்பேன். கிடைச்சா ஸ்கூலு, கிடைக்கலைன்னா நடை.'